தொலைபேசி சர்வரில் சிவப்பு விளக்கு எரிந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்பத்திரி, மில், ஹோட்டல், கல்லூரி என்று நூறு எக்ஸ்டென்ஷனுக்கு மேல் ஓடும் எந்த இடத்துக்குப் போனாலும், ஈ.பி.ஏ.பி.எக்ஸ்., அதாவது உள் போன்களையெல்லாம் இணைக்கும் தொலைபேசி சர்வர், இருக்கும் அறையைப் பார்த்துக்கொள்பவர் அதற்கென்று பயிற்சி எடுத்தவராக இருப்பது அபூர்வம். எலக்ட்ரீஷியனாக இருப்பார், இல்லையென்றால் கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பியாக இருப்பார். அவர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் என்னிடம் போனில் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கட்டளைகளும் திரையில் வரும் பெயர்களும் அவாயா கம்பெனியின் கம்யூனிகேஷன் மேனேஜரில் உள்ளபடி இருக்கும், அதுவும் பெரும்பாலும் கார்டுகள் செருகும் ஜி650 கேபினட்டை வைத்து. நான் அதிக நாள் கைவைத்தது அதில்தான். வேறு கம்பெனி சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள் மாறும். கம்பிக்குள் நடப்பது மாறாது.

அலாரம் வந்திருக்கிறது. ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்து பார்க்கட்டுமா?

வேண்டாம். போனை எடுத்ததும் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். மீதிப் பேர் ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டுத்தான் போனே போடுகிறார்கள்.

ஒரு காரணம், தடயம் அழிந்துபோகும். எந்தக் கார்டு, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்பதெல்லாம் பதிவில் இருக்கும்போதுதான் பிழையைப் பிடிக்க முடியும். ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாக் கார்டும் புதிதாக எழுந்து பச்சை, மஞ்சள் என்று விளக்கு காட்டும். இரண்டு நாள் கழித்து அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்று, அது எழுந்திருக்காமலே போகலாம். ஐந்தாறு வருடம் நிற்காமல் சுற்றிய ஃபேனும் ஹார்டு டிஸ்க்கும் நின்றால்தான் வம்பு. பலவீனமான பவர் சப்ளை ஓடிக்கொண்டிருக்கும் வரை சமாளிக்கும். எல்லாக் கார்டும் ஒரே நேரத்தில் எழும்போது கரண்டை இழுக்கும், அப்போது கை விட்டுவிடும்.

அப்புறம், சேமிக்காத மாற்றங்கள். பெரும்பாலான இடங்களில் 'சேவ் டிரான்ஸ்லேஷன்' (செய்த மாற்றங்களை டிஸ்க்கில் எழுதிவைக்கும் கட்டளை) இரவில் தானாக நடக்கும்படி வைத்திருப்பார்கள். அன்று பகலில் செய்தது நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். ஒரு ஆஸ்பத்திரியில் புது வார்டுக்காக நாள் முழுக்க உட்கார்ந்து எக்ஸ்டென்ஷன் நம்பர்களை மாற்றினார்கள். சாயங்காலம் ஏதோ ஒரு அலாரத்தைப் பார்த்து யாரோ மெயின் சுவிட்சைத் தட்டிவிட, மறுநாள் காலையில் பிரசவ வார்டுக்கு அடித்தால் மருந்துக் கிடங்கில் மணி அடித்தது.

அதனால் முதலில் செல்போனை எடுத்துக் கார்டு விளக்குகளை ஒரு படம் எடுங்கள். திரையில் அலாரப் பட்டியலை வரவழைத்து அதையும் எடுங்கள். 'சேவ் டிரான்ஸ்லேஷன்' கொடுங்கள். அதற்கப்புறம் யோசிக்கலாம்.

மேஜர், மைனர், வார்னிங் என்று மூன்று வகை வருகிறதே, எதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும்?

மேஜர் என்றால் சேவை பெரிய அளவில் பாதிக்கப்பட்டிருக்கிறது, உடனே பார்க்க வேண்டும். மைனர் என்றால் ஒரு பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது. வார்னிங் ஏதோ ஒரு போனோடு, ஒரு வயரோடு நின்றுபோகிற சங்கதி.

இது சிஸ்டத்தின் கணக்கு, உங்கள் நிறுவனத்தின் கணக்கு அல்ல. ஐ.சி.யூ. நர்ஸ் மேஜையில் இருக்கும் ஒரே போன் செத்துப்போனாலும் சிஸ்டத்துக்கு அது வெறும் வார்னிங். யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய டிரங்க் கார்டு (வெளி லைன் சேரும் கார்டு) கெட்டால் மைனர் என்று கத்தும். எந்த எக்ஸ்டென்ஷன்கள் முக்கியம் என்று ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

அலாரப் பட்டியலில் ஏகப்பட்ட கட்டங்கள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

'டிஸ்ப்ளே அலார்ம்ஸ்' கொடுத்தால் ஒவ்வொரு வரியிலும் முதலில் ஓர் இட எண் வரும். உதாரணத்துக்கு 01ஏ0503. இதைப் பிரித்துப் படிக்க வேண்டும். 01 என்பது கேபினட். ஏ என்பது கேரியர், அதாவது கார்டுகள் வரிசையாகச் செருகியிருக்கும் தட்டு. 05 ஸ்லாட். 03 அந்தக் கார்டில் மூன்றாவது போர்ட். கடைசி இரண்டு இலக்கம் இல்லாமல் 01ஏ05 என்று மட்டும் வந்தால், புகார் முழுக் கார்டைப் பற்றியது.

அடுத்தது மெயின்டனன்ஸ் பெயர். டிக்-லைன் என்றால் டிஜிட்டல் போன், ஏ.என்.எல்.-லைன் என்றால் அனலாக் போன், யூ.டி.எஸ்1-பி.டி. என்றால் பி.ஆர்.ஐ. (ஒரே நேரத்தில் 30 பேர் பேசக்கூடிய வெளி லைன்) கார்டு, டி.டி.எம்.-பஸ் என்றால் கார்டுகளுக்குப் பின்னால் எல்லாருக்கும் பொதுவாக ஓடும் பாதை.

இப்போது நான் எல்லாரையும் பார்க்கச் சொல்லும் கட்டம்: 'ஆன் போர்டு?' என்று தலைப்பிட்டு, கீழே ஒய் அல்லது என் என்ற ஓர் எழுத்து இருக்கும். ஒய் என்றால் கோளாறு கார்டுக்கு உள்ளேயே இருக்கிறது என்று சிஸ்டம் நினைக்கிறது. என் என்றால் வெளியே, அதாவது வயரிலோ போனிலோ எதிர்முனையிலோ. இந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் எத்தனை நல்ல கார்டுகளைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பியிருக்கிறார்கள் தெரியுமா! 'கோளாறு எதுவும் இல்லை' என்ற சீட்டோடு அவை திரும்பி வரும். அதற்குள் லாரிச் செலவும் பத்து நாளும் போயிருக்கும்.

அலாரத்தில் இருப்பது கோளாறு தெரியவந்த இடம். கோளாறு இருக்கும் இடம் அதுவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கூரையில் ஓர் இடத்தில் ஓடு உடைந்திருக்கும், தண்ணீர் வேறு மூலையில் சொட்டும். அந்த மாதிரிதான்.

தேதியையும் பாருங்கள். ஒரே நிமிடத்தில் ஐந்து கார்டுகள் அலாரம் காட்டினால் ஐந்து கார்டும் ஒன்றாகக் கெட்டிருக்காது. அவற்றுக்குப் பொதுவாக இருப்பதைத் தேடுங்கள்: பவர், கிளாக் (எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் ஓட்டும் கடிகாரம்), பின்பலகை (கார்டுகள் பின்னால் போய்ச் செருகும் பலகை).

கார்டில் எரியும் நிறங்களுக்கு என்ன அர்த்தம்?

ஜி650 கார்டுகளில் சிவப்பு என்றால் பிழை, பச்சை என்றால் சோதனை நடந்துகொண்டிருக்கிறது, மஞ்சள் என்றால் கார்டு உபயோகத்தில் இருக்கிறது. மற்ற கருவிகளைப் பார்த்துப் பழகியவர்கள் பச்சை இல்லையே என்று கவலைப்படுவார்கள். இங்கே பச்சை அணைந்திருப்பதுதான் சாதாரண நிலை. வேறு கம்பெனிக் கார்டுகளில் பச்சை துடித்துக்கொண்டே இருந்தால்தான் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளில் உங்கள் ரேக்கைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல கையேடு கிடையாது.

நூறு வார்னிங் கிடக்கிறது. எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டுமா?

அதில் தொண்ணூறு டிக்-லைன் ஆக இருக்கும். யாரோ மேஜையை நகர்த்தும்போது போனைப் பிடுங்கியிருப்பார்கள், காலி அறையில் போன் இருக்காது. ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் அப்படியே விட்டுவைத்தால் நிஜமான அலாரம் வரும் நாளில் அது இந்தக் குப்பைக்குள் புதைந்துவிடும். ஆள் இல்லாத எக்ஸ்டென்ஷன்களிலிருந்து போர்ட்டை எடுத்துவிட்டால் பட்டியல் பத்து வரிக்குச் சுருங்கும்.

அலாரம் எதுவும் இல்லை, ஆனால் ஒரு லைன் வேலை செய்யவில்லை. எங்கே பார்ப்பது?

'டிஸ்ப்ளே எரர்ஸ்' என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கிறது. எல்லாப் பிழையும் அலாரம் ஆவதில்லை. பல பிழைகள் ஓர் அளவைத் தாண்டினால்தான் அலாரமாக ஏறும். பிழைப் பட்டியலில் முதலில் வந்த நேரம், கடைசியாக வந்த நேரம், எத்தனை தடவை என்று மூன்றும் இருக்கும்.

அங்கே பிழை வகை 18 என்று இருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். பெரும்பாலான மெயின்டனன்ஸ் பெயர்களில் அதற்கு அர்த்தம், யாரோ 'பிஸிஅவுட்' கட்டளை கொடுத்து அந்தப் போர்ட்டையோ கார்டையோ வேண்டுமென்றே சேவையிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்பது. போன வாரம் சோதனைக்கு வந்தவர் டீ குடிக்கப் போன அவசரத்தில் 'ரிலீஸ்' கொடுக்க மறந்திருப்பார். 'ரிலீஸ்' கொடுத்தால் முடிந்தது வேலை.

பி.ஆர்.ஐ. அலாரம்: சிவப்பு, மஞ்சள், நீலம் என்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது.

விளக்கின் நிறத்தோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இவை பழைய டெலிகாம்காரர்கள் வைத்த பெயர்கள். நம் ஊரில் வரும் பி.ஆர்.ஐ. ஓர் ஈ1 லைன். விநாடிக்கு 20 லட்சத்து 48 ஆயிரம் பிட், 32 பாகம். அதில் 0-வது பாகம் வரிசை பிசகாமல் பார்த்துக்கொள்ள, 16-வது பாகம் சிக்னலுக்கு, மீதி 30 பேச. போக ஒரு ஜோடி வயர், வர ஒரு ஜோடி. இந்த இரண்டு ஜோடியை மனதில் வைத்துக்கொண்டால் மூன்று நிறமும் தானாகப் புரியும்.

சிவப்பு: எனக்கு எதுவும் வந்து சேரவில்லை, அல்லது வருவது வரிசையாக இல்லை. மஞ்சள்: எனக்கு எதிர்முனையிலிருந்து நன்றாகக் கேட்கிறது, ஆனால் 'நீ பேசுவது எனக்குக் கேட்கவில்லை' என்று எதிர்முனை சொல்கிறது. நீலம்: நடுவில் இருக்கும் மோடமோ மக்ஸோ (பல லைன்களை ஒன்றாகச் சேர்க்கும் கருவி) தன் அந்தப்பக்கத்தை இழந்துவிட்டு, சும்மா இருக்காமல் வெறும் ஒன்றுகளாக அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ஆக, நீலம் வந்தால் உங்கள் ரேக்கில் கைவைக்காதீர்கள். கோளாறு மோடத்துக்கு அப்பால், லைன் கொடுத்தவர்களைக் கூப்பிடுங்கள். மஞ்சள் வந்தால் நீங்கள் அனுப்பும் ஜோடியைத் தேடுங்கள். பெரும்பாலான ஈ1 சாக்கெட்டுகளில், கருவியின் பக்கம் 1, 2 பின்கள் வாங்க, 4, 5 பின்கள் அனுப்ப. ஒரு நூற்பாலையில் மூன்று நாள் மஞ்சள் அலாரம். லைன்காரர்களைத் திட்டி, கார்டை மாற்றி, எல்லாம் முடிந்து கடைசியில் பார்த்தால் சாக்கெட்டில் செருகும் பேட்ச் கேபிளில் 4-வது பின் சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை. பத்து ரூபாய் பிளக்.

சிவப்பு வந்தால் லூப் பிளக் போடுங்கள். ஓர் ஆர்.ஜே.45 பிளக்கில் 1-ஐ 4-உடனும் 2-ஐ 5-உடனும் இணைத்தால் அதுதான் லூப் பிளக். உங்கள் சர்வரின் ஈ1 போர்ட்டில் அதைச் செருகினால் கார்டு அனுப்புவது அதற்கே திரும்பி வரும். சிவப்பு அணைந்தால் கார்டு நல்லது, கோளாறு வெளியே. அணையவில்லை என்றால் கார்டு அல்லது அதன் செட்டிங். லூப் போட்டிருக்கும்போது அழைப்பு போகவில்லையே என்று பதறாதீர்கள். இரண்டு பக்கமும் தானே இருப்பதைப் பார்த்து, சிக்னல் போகும் டி சேனல் (அந்த 16-வது பாகம்) குழம்பி நிற்கும், அது இயல்பு.

லைன் புதிதாக மாற்றிய அன்றே தகராறு என்றால் லைன் கோடிங் (பிட்டை வயரில் அனுப்பும் முறை) எச்.டி.பி.3 தானா, சி.ஆர்.சி.4 (பிழை சரிபார்ப்பு) இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று லைன் கொடுத்தவர்களிடம் கேளுங்கள். மோடம் 75 ஓம் கோஆக்ஸ் கேபிளில் கொடுத்து, கார்டு 120 ஓம் ஜோடி வயரில் வாங்கினால் நடுவில் பலூன் என்ற சின்னக் கருவி வேண்டும். நேராகச் சேர்த்து முறுக்கி ஒட்ட வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அது ஓடவும் செய்தது, மழைக்காலம் வரை.

பேச்சு நன்றாகக் கேட்கிறது, ஃபேக்ஸ் மட்டும் பாதியில் அறுந்துவிடுகிறது. கூடவே 'ஸ்லிப்' என்று பிழை ஏறிக்கொண்டே போகிறது.

கிளாக் பிரச்சினை. ஈ1 லைனில் விநாடிக்கு 8000 ஃப்ரேம், ஒவ்வொன்றும் 125 மைக்ரோ விநாடி. இரண்டு முனையும் ஒரே கடிகாரத்தின்படி ஓட வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் வேகம், மறுபக்கம் கொஞ்சம் மெதுவு என்றால் வித்தியாசம் சேர்ந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் ஒரு ஃப்ரேம் முழுசாக விழுந்துவிடும், அல்லது இரண்டு தடவை வரும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே 125 விநாடிக்கு ஒரு ஸ்லிப். பேசும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், நம் காது விட்டுவிடும். ஃபேக்ஸும் மோடமும் கார்டு ஸ்வைப் மெஷினும் விடாது.

'ஸ்டேட்டஸ் சிங்க்ரனைசேஷன்' கொடுத்து எதை வைத்துக் கடிகாரம் ஓடுகிறது என்று பாருங்கள். வெளி லைன் கொடுப்பவரின் பி.ஆர்.ஐ. தான் முதல் ஆதாரமாக இருக்க வேண்டும். உங்கள் உள் கடிகாரத்தில் ஓடினாலோ, இரண்டு கட்டடங்களின் சர்வர்களை இணைக்கும் லைனில் இரண்டுமே 'நான்தான் தலைவன்' என்று நின்றாலோ ஸ்லிப் நிற்காது. கார்டை மாற்றிப் பயனில்லை.

ஓர் அனலாக் எக்ஸ்டென்ஷன் மட்டும் டெட். மல்டிமீட்டர் இருக்கிறது, என்ன பார்ப்பது?

எம்.டி.எஃப்., அதாவது எல்லா வயரும் வந்து சேரும் சட்டம், அதன் முன்னால் போங்கள். க்ரோன் மாட்யூலில் (வயர்களைச் செருகும் பட்டை) அந்த ஜோடியின் ஜம்பரைக் கழற்றி, சர்வர் பக்கத்தில் டி.சி. வோல்ட் பாருங்கள். போன் எதுவும் இல்லாதபோது பொதுவாக 48 வோல்ட்டுக்குப் பக்கம் இருக்கும், சில கார்டுகளில் 24 வரும். ஒரு டெஸ்ட் போனைப் போட்டு எடுத்தால் 6 முதல் 12 வோல்ட்டுக்குள் இறங்கி டயல் டோன் வர வேண்டும். வந்தால் சர்வர் பக்கம் சுத்தம், கோளாறு வெளி வயரில். வோல்ட்டே இல்லை என்றால் பக்கத்து நல்ல போர்ட்டோடு மாற்றிப் பாருங்கள். மணி அடிக்கும்போது 25 ஹெர்ட்ஸ் ஏ.சி. ஏறத்தாழ 75 வோல்ட் வரும். அந்த நேரத்தில் வெறும் விரலோடு வயரைப் பிடித்திருந்தால் மறக்க மாட்டீர்கள்.

வெளி வயரில் ஷார்ட் என்று தெரிந்தால் ஓம் அளந்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம். 0.5 மி.மீ. செம்புக் கம்பி ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப ஏறத்தாழ 170 ஓம். ஜோடியை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். ஒரு கல்லூரி வளாகத்தில் விடுதிக்குப் போன பத்து ஜோடியும் ஒரே நாளில் செத்தன, சர்வரில் பத்து வார்னிங். கார்டு போய்விட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். அளந்தேன், 17 ஓம். கணக்குப்படி நூறு மீட்டர். நூறு மீட்டர் நடந்தால் நூலகத்தை ஒட்டிப் புதிதாகத் தண்ணீர்க் குழாய் போட்டுப் பள்ளத்தை மூடியிருந்தார்கள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. கடப்பாரை கேபிளை அப்படியே நசுக்கியிருந்தது.

மழைக்குப் பிறகு மட்டும் கரகரப்பு, தானாக மணி அடிப்பது என்றால் கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மெகர் (உயர் வோல்ட்டில் இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) போட்டுப் பார்க்கலாம், ஆனால் கார்டையும் போனையும் பாதுகாப்பு மாட்யூலையும் கழற்றிவிட்டுத்தான். 500 வோல்ட்டைக் கார்டுக்குள் ஏற்றினால் அடுத்த அலாரம் நீங்களே வரவழைத்தது.

கார்டுதான் கெட்டிருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது? நானே மாற்றலாமா?

'டெஸ்ட் போர்டு 01ஏ05 லாங் கிளியர்' கொடுத்துப் பாருங்கள். கார்டு தன்னைத்தானே சோதித்துக்கொண்டு ஒவ்வொரு சோதனையிலும் பாஸ், ஃபெயில் என்று சொல்லும். சில சோதனைகள் ஓடும் அழைப்புகளைப் பாதிக்கும், கூட்டம் இல்லாத நேரம் பாருங்கள். 'பிஸிஅவுட்' கொடுத்தாலும் பேசிக்கொண்டிருப்பவர்கள் அறுந்துபோவார்கள்.

ஃபெயில் என்று வந்தால், ஒரே வகைக் கார்டு இன்னொன்று இருக்கும் பட்சத்தில் அதை இந்த ஸ்லாட்டில் போடுங்கள். பிழை கார்டோடு போகிறதா, ஸ்லாட்டிலேயே தங்குகிறதா? கார்டோடு போனால் கார்டு. ஸ்லாட்டில் தங்கினால் பின்பலகை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கார்டு, கேபிள், செட்டிங் மூன்றையும் மாற்றிச் சரியாகிவிட்டால் எது காரணம் என்று யாருக்கும் தெரியாது.

ஜி650-இல் போர்ட் கார்டுகளைப் பவர் ஓடும்போதே எடுத்துப் போடலாம். சின்ன ஈ.பி.ஏ.பி.எக்ஸ். பலவற்றில் அப்படிச் செய்யக் கூடாது, கையேட்டைப் பாருங்கள். கையில் எர்த் ஸ்ட்ராப் கட்டிக்கொள்ளுங்கள். ஏ.சி. அறையின் வறண்ட காற்றில் நைலான் சட்டை போட்டுக்கொண்டு கார்டைத் தொடுவது நல்லதல்ல.

செருகும் முன் டார்ச் அடித்துப் பின்பலகையின் பின்களைப் பாருங்கள். ஒரு பின் வளைந்திருந்தாலும் போதும். வேகமாக அழுத்திச் செருகினால் அது பக்கத்துப் பின்னில் படும், டி.டி.எம்.-பஸ் பிழை வரும், சம்பந்தமே இல்லாத கார்டுகளெல்லாம் அலற ஆரம்பிக்கும். பவர் சப்ளையையும் பின்பலகையையும் நீங்கள் தொட வேண்டாம். அது ஆள் வரவேண்டிய வேலை.

கரண்ட் போனால் சர்வரும் போய்விடுகிறது. பேட்டரி இருக்கிறதே?

பேட்டரிப் பெட்டி இருக்கிறது. பேட்டரி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 12 வோல்ட் நான்கைத் தொடராகச் சேர்த்து 48. சார்ஜில் இருக்கும்போது ஒவ்வொன்றும் 13.5 முதல் 13.8 காட்டும், மொத்தம் 54-55. இதைப் பார்த்து எல்லாரும் திருப்தியாகி விடுகிறார்கள். சார்ஜரே அந்த வோல்ட்டைக் கொடுக்கிறது, பேட்டரி செத்திருந்தாலும் மீட்டர் அதைத்தான் காட்டும். சார்ஜரை ஆஃப் செய்து, சுமை ஓடும்போது பத்து நிமிடம் கழித்து நான்கையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மூன்று 12-க்கு மேல் நிற்க, ஒன்று மட்டும் 10-க்குப் பக்கம் இறங்கினால் அதில் ஒரு செல் போய்விட்டது. கூட்டு 43 வோல்ட் பக்கம் வந்ததும் சிஸ்டம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைத்துவிடும்.

இந்தச் சோதனையை ஜெனரேட்டர் தயாராக இருக்கும் நேரத்தில், முக்கியமான வெளி லைன்களைப் பவர் ஃபெயில் டிரான்ஸ்ஃபரில் (சர்வர் நின்றால் வெளி லைனை நேராக ஒரு போனுக்கு மாற்றிவிடும் வசதி) சாதாரண போன்களுக்குக் கட்டிவைத்த பிறகு செய்யுங்கள்.

ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் புதிதாகப் போடலாமா என்று அக்கவுன்ட்ஸ் பிரிவு கேட்கும். வேண்டாம். பழைய மூன்றும் புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். சீல் செய்த லெட் பேட்டரிக்குச் சூடுதான் எமன். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எல்லா பேட்டரிக்காரர்களும் சொல்லும் கணக்கு. ஏ.சி. இல்லாத மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு ஐந்து வருட ஆயுளை எதிர்பார்க்க முடியாது.

இடி மழைக்குப் பிறகு எப்போதும் ஓரிரு கார்டு போகிறது.

எந்தக் கார்டு என்று பாருங்கள். அநேகமாகக் கட்டடத்தை விட்டு வெளியே போகும் வயர் உள்ள கார்டாக இருக்கும்: செக்யூரிட்டி கேட், பம்ப் ஹவுஸ், எதிர்க் கட்டடம். அந்த ஜோடிகளுக்கு எம்.டி.எஃப்.-இல் பாதுகாப்பு மாட்யூல் இருக்கிறதா, அதன் எர்த் பட்டை உண்மையிலேயே எர்த்தில் சேர்கிறதா என்று பாருங்கள். மாட்யூல் இருக்கும், எர்த் வயர் ஆணியில் சுற்றித் தொங்கும். அப்படி இருந்தால் மாட்யூல் வெறும் அலங்காரம்.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 2-3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். சித்திரை, ஐப்பசி இரண்டுக்கும் முன்னால் எர்த் அளந்து வைப்பது நல்லது, நம் பக்கம் இடி அப்போதுதான் அதிகம். கேட்டுக்குப் போகும் வயரை ஃபைபராக மாற்றிவிட்டால் அந்தத் தலைவலி அந்த இடத்தோடு போய்விடும்.

ஃபேன் அலாரம், டெம்பரேச்சர் அலாரம்?

ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். நூற்பாலையில் பஞ்சு கம்பளிப் போர்வை மாதிரி வரும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பட்டு இணைப்புகளில் பச்சை பூக்கும். பவர் சப்ளைக்குள் பல்லி போய்ச் செத்துக் கிடந்ததை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். கேபிள் நுழையும் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்.

சர்வர் பெட்டியிலேயே டிஸ்க் விளக்கு ஆரஞ்சாக எரிகிறது. சிஸ்டம் தேதியும் தப்பாக இருக்கிறது.

இரண்டும் தனித்தனிச் சங்கதி. டிஸ்க்குகள் ரெய்டு 1 முறையில் ஜோடியாக இருந்தால் ஒன்று போனாலும் மற்றது ஓட்டும். ஆனால் முதலில் பேக்அப் எடுத்து, சர்வருக்கு வெளியே வேறு இடத்தில் வைத்துவிட்டுத்தான் டிஸ்க்கைத் தொட வேண்டும். கெட்டதை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்கை உருவியவர்கள் இருக்கிறார்கள். ஸ்லாட் எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டு உருவுங்கள், பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவை பவர் போய் வரும்போதும் தேதி பழைய வருடத்துக்கு ஓடினால் மதர்போர்டில் உள்ள நாணய பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சி.ஆர்.2032, 3 வோல்ட். அற்பமாகத் தெரியும். தேதி தப்பாக இருந்தால் அலாரப் பதிவின் நேரமெல்லாம் தப்பு, அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) ஆளைக் கூப்பிடும்போது என்ன சொல்ல வேண்டும்?

'எதுவும் வேலை செய்யவில்லை, உடனே வாங்க' என்பதைத் தவிர எதை வேண்டுமானாலும் சொல்லலாம். இட எண், மெயின்டனன்ஸ் பெயர், 'ஆன் போர்டு?' கட்டத்தில் ஒய்யா என்னா, முதலில் வந்த நேரம், கார்டின் மேல் எழுதியிருக்கும் டி.என். எண். இவ்வளவும் சொன்னால் வருபவர் சரியான கார்டைக் கையோடு கொண்டுவருவார். 'பார்த்துவிட்டுப் போய் எடுத்துவருகிறேன்' என்ற இரண்டாவது பயணம் மிச்சம்.

அலாரம் தானாகவே மறைந்துவிட்டது. விட்டுவிடலாமா?

மறைந்த அலாரம்தான் எனக்குப் பயம். பிடித்து நிற்கிற கோளாறைத் தேடிவிடலாம், வந்துபோகிற கோளாறுக்குக் காத்திருக்க வேண்டும். பதிவை எடுத்து நேரங்களை வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தெரியும்.

ஓர் அலுவலகத்தில் மூன்று வாரமாகப் பவர் அலாரம் வந்து இரண்டு நிமிடத்தில் மறைந்தது. பவர் சப்ளையை மாற்றினார்கள், நிற்கவில்லை. எழுதிப் பார்த்தால் ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை 10:40-ஐ ஒட்டியே வந்திருந்தது. மறுநாள் 10:30-க்கே போய் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். 10:38-க்கு ஓர் அம்மா கெட்டிலோடு உள்ளே வந்தார். சர்வருக்கு என்று யூ.பி.எஸ்.-இல் விட்ட பாயின்ட்டில் அதைச் செருகினார். யூ.பி.எஸ். ஓவர்லோட் என்று கத்தியது, கேபினட்டில் சிவப்பு எரிந்தது. "தினமும் கத்தும் சார், தண்ணி கொதிச்சதும் நின்னுடும்" என்றார்.